உயிலின் நடுவில் ஒரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் இருப்பது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில். நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பூர்வீகம் தேடுகிறவர்களுக்குப் பழைய ஆவணங்களைப் படித்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதைக் கேள்விப்பட்டு, எங்கள் தெருவிலிருக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாள் ஒரு நகலோடு வந்தார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். அவருடைய ஐந்து தலைமுறைக்கு முந்தைய தாத்தா எழுதிய உயில் அது.

முதலில் நிலம், அப்புறம் இறகு மெத்தை, அப்புறம் ஒரு குதிரை. அடுத்த வரியில், தன் மகளுக்கு ஒரு கறுப்பினச் சிறுமியை எழுதி வைத்திருந்தார். "அவளும் அவளது வருங்காலப் பெருக்கமும்" என்று வாசகம். பெருக்கம் என்றால் என்ன என்று அம்மாள் கேட்டார். அவள் இனிமேல் பெறப்போகும் பிள்ளைகள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அவள் பெயர் இருக்கிறதா?" என்றார். இருந்தது. குடும்பப் பெயர் இல்லை.

அந்த வாசகத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. இங்கிலாந்து வழக்கப்படி பிள்ளைக்குத் தகப்பனின் நிலைதான். வர்ஜீனியாவில் 1662-இல் அதைத் தலைகீழாக்கினார்கள். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை, அப்பன் யாராக இருந்தாலும் சரி. அப்பன் எஜமானனாகவே இருந்தால் அவனுக்கு லாபம்தான். ஆகவே இந்தத் தேடலில் தாய்வழியைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் போக வேண்டும்.

கறுப்பினக் குடும்பங்கள் தேடிக்கொண்டே போய் 1870-இல் முட்டி நிற்பார்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களைப் பெயர் சொல்லி எழுதிய முதல் மக்கள்தொகைக் கணக்கு அந்த ஆண்டுடையது. அதற்கு முந்தைய 1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்கென்று தனித்தாள் உண்டு. எஜமானின் பெயருக்குக் கீழே வெறும் வரிசை: 35, ஆண், கறுப்பு. 30, பெண், கறுப்பு. 8, பெண். அந்த எட்டு வயதுக்காரி யாருடைய மகள் என்று அந்தத் தாள் சொல்லாது.

அப்படியானால் பெயர் எங்கே இருக்கும்? எஜமான் வீட்டுக் காகிதத்தில். உயில், கிரயப் பத்திரம், அவர் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல், தோட்டத்துக் கணக்குப் புத்தகம். அடிமையின் வம்சத்தைத் தேட எஜமானின் வம்சத்தைத் தேடியாக வேண்டும். இதில் கசப்பு இருக்கிறது, வேறு வழி இல்லை.

ஜார்ஜ் வாஷிங்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1799-இல், சாவதற்குச் சில மாதம் முன்னால், மவுண்ட் வெர்னான் பண்ணையிலிருந்த 317 அடிமைகளையும் அவர் பட்டியலிட்டார். யாருக்கு யார் மனைவி, அவள் யாருடைய உடைமை என்பதுகூட அதில் உண்டு. பாதிக்கும் குறைவானவர்கள்தான் அவருடையவர்கள். பெரும்பாலான மற்றவர்கள் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் வழி வந்த சொத்து. அவர்களை விடுவிக்க வாஷிங்டனுக்கு உரிமை கிடையாது. ஐசக் என்ற தச்சர் வாஷிங்டனின் ஆள், ஐசக்கின் மனைவி கிட்டி மார்த்தா பக்கத்துச் சொத்து. 1801 ஜனவரி முதல் தேதி ஐசக்குக்கு விடுதலை கிடைத்தது. கிட்டியும் பெண்பிள்ளைகளும் அடிமைகளாகவே இருந்தார்கள். மார்த்தா இறந்ததும் அந்தப் பக்கத்து ஆட்களைப் பேரப்பிள்ளைகள் நால்வர் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

எங்கள் மேரிலாந்திலேயே இன்னொரு கதை உண்டு. 1838-இல் இங்கிருந்த இயேசு சபைப் பாதிரியார்கள் 272 பேரை 1,15,000 டாலருக்கு லூசியானா தோட்டங்களுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைத்தது. விற்கப்பட்டவர்கள் கத்தோலிக்கர்கள். விற்ற பாதிரியார்கள் ஞானஸ்நானம், திருமணம் எல்லாம் எழுதி வைக்கிறவர்கள். அதனால்தான் இன்று விற்கப்பட்டவர்களின் சந்ததியில் ஆயிரக்கணக்கானோரைக் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. பதின்மூன்று வயதில் விற்கப்பட்ட கொர்னீலியஸ் ஹாக்கின்ஸின் கல்லறைகூட லூசியானாவில் மாரிங்க்வின் என்ற ஊரில் கிடைத்தது.

விடுதலை பெற்றவர்கள் தாங்களே எழுதவைத்த காகிதமும் உண்டு. 1865-இல் அவர்களுக்காக ஒரு சேமிப்பு வங்கி தொடங்கியது. கணக்குத் திறக்கும்போது அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். 1874-இல் வங்கி திவால். போட்ட பணம் பலருக்கு முழுதாகத் திரும்பவில்லை, பதிவேடுகளில் பெரும்பகுதி மட்டும் பத்திரமாக இருக்கிறது. செய்தித்தாள்களில் விளம்பரமும் கொடுத்தார்கள்: என் அம்மாவை இன்ன ஊரில் விற்றார்கள், அதற்குப்பின் பார்க்கவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவும் என்று. தேவாலயங்களில் போதகர்கள் அதை உரக்கப் படிப்பார்களாம்.

சரி, அந்த அம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். அவர் வீட்டு மேல்மாடியில் இன்னும் இரண்டு பெட்டிக் காகிதம் இருக்கிறதாம். இடத்தை அடைக்கிறது, தூக்கிப் போடு என்கிறாராம் மகன். வருகிற சனிக்கிழமை நாங்கள் இருவரும் உட்கார்ந்து அவற்றைப் பிரிக்கப் போகிறோம். அந்தச் சிறுமியின் பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி என் கண்ணாடிக்கூட்டில் வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.