முத்திரை இல்லாத மீட்டர்

ஆட்டோ மீட்டரைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு மெல்லிய கம்பி, அதன் முனையில் ஈய முத்திரை. தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் சோதித்துவிட்டு அடிப்பது அது. ஓட்டுநரோ வண்டி முதலாளியோ அதைப் பிரித்து எண்ணை மாற்றினால் குற்றம். மீட்டர் போட்டு யார் ஓட்டினார்கள் என்று கேட்காதீர்கள். அதற்குத் தனிக் கூட்டம் போட வேண்டும்.

இன்றைக்கு மீட்டர் செல்போனுக்குள் போய்விட்டது. அதற்கு முத்திரை அடித்தது யார்?

போன வாரம் எழும்பூரிலிருந்து ஆப்பில் டாக்சி பிடித்தேன். என் திரையில் 186 ரூபாய். சிக்னலில் நின்றபோது ஓட்டுநர் தன் போனைத் திருப்பிக் காட்டினார்: 128. "மிச்சம் எங்க போச்சுன்னு நீங்களே கேளுங்க சார்" என்றார். சொந்த வண்டி, சொந்த டீசல்.

2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை, சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் 80 சதவீதமாவது போக வேண்டும் என்கிறது. 5 சதவீத வரியைக் கழித்துவிட்டே பார்த்தாலும் அவருக்கு 141 ரூபாய் வந்திருக்க வேண்டும். ஆனால் நெறிமுறை என்பது மாநிலம் கையில் எடுத்து அமல்படுத்தினால்தான் ஓட்டுநருக்கு உதவும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிராக்கி நேரத்தில் 2 மடங்கு வரை, மந்த நேரத்தில் பாதிக்குக் குறையாமல் என்று அதே நெறிமுறை வரம்பு கட்டுகிறது. எதில் பாதி? அரசு நிர்ணயிக்கும் அடிப்படைக் கட்டணத்தில். நம் ஊர் ஆட்டோவுக்கு அதை 2013 ஆகஸ்டில் நிர்ணயித்தார்கள்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. பெட்ரோல் நூறைத் தாண்டியும் பல வருடம் அது அசையவில்லை. அதில் பாதி என்றால் டீக்காசுதான்.

சரி, சவாரி வராமல் மர நிழலில் காத்திருக்கும் நேரத்துக்கு என்ன கணக்கு? ஊபர் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பு சொன்னது: ஆப்பைத் திறந்துவைத்து, சவாரியை ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரம்தான். நமது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அவ்வளவு தூரம் போகவில்லை. நிறுவனம் தன் வருவாயில் 1 முதல் 2 சதவீதம் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்பதோடு நிற்கிறது. நிதி வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அது அந்த 128-க்குப் பதில் ஆகாது.

நான் கேட்பது சின்ன விஷயம். பயணி கட்டியது எவ்வளவு, வரி எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று இரண்டு போனிலும் ஒரே ரசீது வர வேண்டும். ஈயக் கம்பியைச் சோதித்த அதே ஆய்வாளர் இந்தக் கணக்கையும் திறந்து பார்க்க வேண்டும்.