சீட்டில் போட்ட கோடு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தெய்வம் தேடிப் போய்க் கும்பிடும் இடத்தில் இருக்கிறதா, தன்னை அறியும் ஞானத்தில் இருக்கிறதா என்பது தலைப்பு. ஞானத்தில்தான் என்பது எங்கள் அணி.

எதிரணி அக்கா ஒரு கேள்வி போட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். "தெய்வம் உள்ளேதான் இருக்கிறதென்றால் ரமணர் மதுரை மாடியிலேயே உட்கார்ந்திருக்கலாமே, எதற்கு ரயிலேறித் திருவண்ணாமலை போனார்? டிக்கெட் காசு தண்டம்தானே?" அக்கா, நல்லவேளை காசுப் பேச்சை எடுத்தீர்கள்.

1896, ஜூலை. மதுரையில் சித்தப்பா வீட்டு மாடி. பதினாறு வயசுப் பையன் வேங்கடராமன், அவன்தான் பின்னாளில் ரமணர். உடம்புக்கு ஒன்றும் இல்லை, திடீரென்று சாகப்போகிறோம் என்று பயம் பிடிக்கிறது. நாமாக இருந்தால் கத்திக் கூட்டம் கூட்டியிருப்போம். அவன் பிணம் மாதிரி கை காலை விறைத்துக்கொண்டு படுத்தான், உதட்டை இறுக மூடி மூச்சை அடக்கினான். சரி, உடம்பு செத்தது, தூக்கிப்போய் எரிக்கப் போகிறார்கள், அதோடு நானும் செத்தேனா என்று உள்ளே பார்த்தான். சாகாத ஒன்று தெரிந்தது. அன்றைக்குப் போன பயம்தான், திரும்பவில்லை. சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் குருவும் கிடையாது.

மீனாட்சி கோயில் அந்த வீட்டுக்குப் பக்கம்தான். முன்பெல்லாம் எப்போதாவது போவான். மாடியில் படுத்தெழுந்த பிறகு தினமும் சாயங்காலம் போய் அறுபத்துமூவர் முன்னால் நின்று கண்ணீர் விட்டான். கோயில் அதே கோயில்தான் அக்கா, கும்பிட்ட கண் மாறியிருந்தது.

காசுக்கு வருகிறேன். ஆகஸ்ட் 29. அண்ணனுக்குக் காலேஜ் சம்பளம் கட்ட வேண்டிய ஐந்து ரூபாய் கையில் இருக்கிறது. ரயிலுக்கு மூன்று போதும் என்று எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டோடு ஒரு சீட்டு எழுதி வைத்தான். தகப்பனாரைத் தேடி அவர் உத்தரவுப்படி 'நான்' கிளம்பிவிட்டேன் என்று ஆரம்பிக்கிறது. அடுத்த வரியிலேயே 'இது' நல்ல காரியத்தில் இறங்கியிருக்கிறது, யாரும் வருத்தப்பட வேண்டாம் என்கிறான். கையெழுத்து போடும் இடத்தில் வெறும் கோடு. இன்னொரு தடவை சொல்கிறேன், கேளுங்கள். முதல் வரியில் நான், இரண்டாம் வரியில் இது, கடைசியில் கோடு. அப்படியென்றால் ரயிலேறினது யார் அக்கா? டிக்கெட் வாங்க வேண்டிய ஆள் அந்தச் சீட்டிலேயே கரைந்துபோனாரே! தகப்பனாரைத் தேடி என்றுதானே எழுதினார் என்று மடக்குவீர்கள். மாடியில் விழித்தவனுக்குத்தான் திருவண்ணாமலை மலை தகப்பன் ஆனது. எது முன்னே, எது பின்னே என்று பாருங்கள்.

வாதம் இருக்கட்டும். அழகம்மாள் என்று அவருக்கு ஒரு அம்மா. வீட்டுக்கு வா என்று அழுது கூப்பிட்டும் வராத பிள்ளை. கடைசிக் காலத்தில் அந்த அம்மாவே மலைக்கு வந்து பிள்ளையோடு இருந்துவிட்டார். 1922, மே 19, அம்மாவின் கடைசி நாள். நெஞ்சில் ஒரு கை, தலையில் ஒரு கை வைத்தபடி, உயிர் அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்தார் ரமணர். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் என்னால் அடுத்த பக்கம் திருப்ப முடிவதில்லை. என் அம்மா போன ராத்திரி நான் ஆஸ்பத்திரியில் கீழே மருந்துச்சீட்டோடு வரிசையில் நின்றேன். மேலே ஓடி வந்தபோது அம்மாவின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டேன், இன்னும் சூடு இருந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.