சூடு வீட்டிலேயே இருக்கணும், காத்து மட்டும் மாறணும்: வெப்ப மீட்புக் காற்றோட்டம்

[காட்சி: வீட்டின் குறுக்குவெட்டு. நீல அம்பு உள்ளே, சிவப்பு அம்பு வெளியே.]

வெளியில 0 டிகிரி, உள்ள 20. இடுக்கெல்லாம் அடைச்ச வீடு. சூடு தங்கும், ஈரமும் மூச்சுக்காத்தும் சேர்ந்தே தங்கிடும். நாலு பேருக்கு மணிக்குச் சுமார் 120 கன மீட்டர் புதுக் காத்து வேணும். அதைச் சன்னல் வழியா எடுத்தா, ஏறக்குறைய 800 வாட் சூடு வெளிய போகுது.

இந்த வெப்ப மீட்புக் காற்றோட்டப் பெட்டி, குளியலறை, கழிவறை, சமையலறையிலிருந்து பழைய காத்தை இழுக்குது; படுக்கையறைக்கும் கூடத்துக்கும் புதுசை அனுப்புது. ரெண்டும் மெல்லிய தகடுகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா எதிரெதிரே ஓடும். காத்து கலக்காது, சூடு மட்டும் கைமாறும். 85 சதவீதம் மீண்டா, உள்ள வர்ற காத்து 17 டிகிரி. இழப்பு 120 வாட்தான். ஆனா இது ஹீட்டர் இல்ல. மிச்ச 3 டிகிரியை வேற ஏதாவதுதான் ஏத்தணும்.

[காட்சி: பெட்டியிலிருந்து வெளிச்சுவருக்குப் போகும் ரெண்டு குழாய்கள்.]

எல்லாரும் எந்தப் பெட்டி நல்லதுன்னு கேக்கிறாங்க. கோளாறு பெரும்பாலும் குழாய்லதான். வெளிச்சுவருக்குப் போற இந்த ரெண்டும் சூடான வீட்டுக்குள்ள குளிர்ச்சியா ஓடுறதால வேர்க்கும். வெறும் கண்ணாடிப் பஞ்சு சுத்தினா ஈரம் ஊறிடும். நீராவி புகாத ரப்பர் ஃபோம் சுத்தி, மூட்டெல்லாம் ஒட்டுங்க. பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வெச்சா இந்த வேலையே பாதியாகும்.

அடுத்து, வரவும் செலவும் சமமா இருக்கணும். உள்ள வர்றது அதிகமானா, ஈரக் காத்து சுவர் இடுக்குல புகுந்து அங்கேயே நீராகும். இழுக்கிறது அதிகமானா, குளிர்காத்து இடுக்கு வழியா நுழையும். விறகடுப்பு இருந்தா புகை அறைக்குள்ள திரும்பும், இது உயிருக்கே ஆபத்து. அதனால அறைகள்ல காத்து வர்ற, போற வாயில இருக்கிற ஒவ்வொரு வால்வுலயும் அளவுக்கருவி வெச்சு அளந்து, திருகி, மறுபடி முதல் வால்வுலேருந்து அளக்கணும். ஒண்ணைத் திருகினா மத்ததெல்லாம் மாறும். கதவுக்கடியில 10 மில்லிமீட்டர் இடைவெளி இல்லேன்னா இத்தனையும் வீண். காத்து படுக்கையறையை விட்டு நகராது.

அடுப்பு மேல இருக்கிற புகைபோக்கியை இதோட இணைக்கவே கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு தகடுகளை அடைச்சிடும்.

[காட்சி: கறுத்த ஃபில்டர், பக்கத்துல புதுசு.]

ஃபில்டரை மூணு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்க. வெளிக்காத்துப் பக்கம்தான் சீக்கிரம் கறுக்கும். அப்போ சமன் தானா குலையும். கடுங்குளிர்ல தகட்டுல பனி உறையும், அதுக்கு முன்சூடாக்கி வேணும். தகட்டுல சேர்ற தண்ணி வடியற குழாய்ல ஒரு வளைவு உண்டு. கோடையில அதுல நிக்கிற தண்ணி காஞ்சா சாக்கடை நாத்தம் வரும். ஒரு குவளை தண்ணி ஊத்தினா போதும்.