வாத்துச் சொண்டை மாற்ற நினைக்கும் தங்கச்சிக்கு

சரி, இந்தக் கிழமைக் கேள்விக்கு வருவோம். மொறட்டுவையில் வடிவமைப்புப் படிக்கும் ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், நான் சுருக்கிச் சொல்கிறேன். பெண்களைப் பரிசோதிக்கும் ஸ்பெக்குலத்தை இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காகப் புதிதாக வடிவமைக்கப் போகிறாராம். "நூறு வருஷத்துக்கு மேலாக அதே இரும்புச் சொண்டு. ஏன் டொக்டர் ஒருவரும் மாற்றவில்லை? நான் எங்கே தொடங்குவது? வீட்டில் அம்மாவிடம் தலைப்பைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது" என்று கேட்கிறார்.

தெரியாதவர்களுக்காக ஒன்றைக் கையிலேயே கொண்டுவந்திருக்கிறேன். இதோ. வாத்துச் சொண்டு மாதிரி இரண்டு தகடுகள், கீழே கைபிடி, பக்கத்தில் ஒரு திருகாணி. மூடியபடி உள்ளே விட்டு, பெருவிரலால் இந்த நெம்பை அழுத்தினால் சொண்டு திறக்கும். திருகாணியை இறுக்கினால் அப்படியே நிற்கும். யோனிச் சுவர்கள் விலகி, உள்ளே கருப்பைக் கழுத்து தெரியும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே தேடுகிற பப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது, கருத்தடைக்காகக் கருப்பைக்குள் லூப் போடுவது, இரத்தப்போக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது, எல்லாம் இதற்குள்ளால்தான். மைக்குக்குக் கிட்டப் பிடிக்கிறேன், சத்தத்தைக் கேளுங்கள். கிர்ர்ர்... டக். கேட்டதா? கதிரையில் இருக்கிற எனக்கே பல் கூசுகிறது. கட்டிலில் மல்லாந்து கிடக்கிற பெண்ணுக்கு இது தன் உடம்புக்குள்ளிருந்து கேட்கிறது.

ஒருவரும் மாற்றவில்லை என்பது பாதிதான் உண்மை. கி.பி. 79இல் எரிமலையில் புதைந்த பொம்பெய் நகரத்தைத் தோண்டியபோதே வெண்கல ஸ்பெக்குலம் கிடைத்தது, திருகாணியோடு. எண்ணம் அவ்வளவு பழையது. பிறகு 1845 வாக்கில் அமெரிக்காவின் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற டொக்டர் ஒரு கரண்டிக் காம்பை வளைத்துப் பார்த்தார். அவர் தன் சத்திரசிகிச்சையைப் பழகியது அடிமைப் பெண்களின் உடம்பில். அனார்க்கா, பெற்சி, லூசி என்று மூன்று பேரின் பெயர்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. மயக்க மருந்து இல்லை. அனார்க்காவுக்கு மட்டும் முப்பது தடவை. நியூயோர்க் சென்ரல் பார்க்கில் நின்ற சிம்ஸின் சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். தங்கச்சி, உங்கள் அறிக்கையில் வரலாறு என்று ஒரு பக்கம் எழுதத்தான் போகிறீர்கள். அந்த மூன்று பெயரும் அதில் இருக்கட்டும்.

சிம்ஸின் கருவியை யாராவது பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பாரிசில் கஸ்கோ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் செய்ததுதான் இப்போது என் கையில் இருக்கிற வகை. இது தானாகவே நிற்கும், டொக்டரின் இரண்டு கையும் சும்மா இருக்கும். ஒரு டொக்டர், ஒரு மிஸ்ஸி, வெளியே வாங்கில் நாற்பது பேர் என்று ஓடுகிற கிளினிக்கில் அது சின்ன விஷயமில்லை.

இன்னொரு கெட்டித்தனமும் இதில் ஒளிந்திருக்கிறது. சொண்டின் மூட்டு எங்கே இருக்கிறது, பாருங்கள். வாசலுக்குக் கிட்ட. ஆகவே திறக்கும்போது உள்நுனி அகலமாக விரிகிறது, வாசல் கொஞ்சம்தான் விரிகிறது. யோனியில் வலியும் கூச்சமும் அதிகம் தெரிவது வாசல் பக்கம், உள்ளே போகப் போகக் குறைவு. அதாவது எங்கே குறைவாக நோகுமோ அங்கேதான் இது கூட விரிகிறது. எனக்கு வருகிற மாணவர் வரைபடங்களில் பாதிக்கு மேல் மூன்று இதழ், நான்கு இதழ் என்று பூ மாதிரி வரைந்து, வாசலிலிருந்து நுனிவரை ஒரே சீராக விரிய விட்டிருப்பார்கள். படத்தில் வடிவு. உடம்பில் வாசலைத்தான் இழுக்கும். இதழ் எத்தனை என்பதை விட, மூட்டு எங்கே என்பதை முதலில் யோசியுங்கள்.

அப்படியானால் கஸ்கோவில் பிழையே இல்லையா? நிறைய இருக்கிறது. இரண்டு தகடு மேலும் கீழும்தான் தாங்கும், பக்கச் சுவரைத் தாங்காது. பல பிள்ளை பெற்ற பெண்களிலும் கொஞ்சம் பருமனான பெண்களிலும் பக்கச் சுவர் நடுவில் சரிந்து, கருப்பைக் கழுத்தை மறைத்துவிடும். அதற்கு நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? கையுறையின் ஒரு விரலை வெட்டி, நுனியையும் வெட்டி, குழாய் மாதிரி சொண்டின் மேல் போட்டுவிடுவோம். விரியும்போது அந்த றப்பர் இரண்டு பக்கமும் இழுபட்டுச் சுவரைத் தள்ளிப் பிடிக்கும். கொண்டமும் பாவிப்பதுண்டு. றப்பர் விளைந்து, கையுறை செய்து உலகத்துக்கு அனுப்புகிற நாடு நாங்கள். அந்த வெட்டின விரலை ஒழுங்காகச் செய்த ஓர் உறையாக மாற்றினாலே அது ஒரு செயற்றிட்டம். லேற்றெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேறு பொருளில் செய்ய வேண்டும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு எடுக்கும்போது வருகிற வலி. திருகாணியைத் தளர்த்தினதும் கருப்பைக் கழுத்து நுனிக்குள் இருக்கும்போதே சொண்டு மூடிக்கொண்டால் கடித்துவிடும். பாதி திறந்தபடி கொஞ்சம் பின்னால் இழுத்து, பிறகுதான் மெல்ல மூட விட வேண்டும். இது கைப்பழக்கம். கை பழகாதவரிடமும் கடிக்காத கருவி ஒன்றை நீங்கள் செய்தால் நான் எழுந்து நின்று கை தட்டுவேன்.

இப்போது புதிதாக வந்தவற்றைப் பார்ப்போம். 2017இல் சான் பிரான்சிஸ்கோவில் ஃப்ரொக் என்ற வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த பெண்கள் யோனா என்று ஒன்றை வரைந்தார்கள். சிலிக்கோன் போர்த்தியது, திருகாணிச் சத்தத்தைக் குறைத்தது. 2025இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரண்டு பெண்கள் லிலியம் என்று பூ மாதிரி மூன்றாய் விரிகிற ஒன்றைக் காட்டினார்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் நிம்மி ராமானுஜத்தின் குழு சொண்டையே விட்டுவிட்டது. மெல்லிய குழாய், நுனியில் சின்னக் கமரா, பெண் தானே உள்ளே வைத்துக்கொள்ளலாம். கலாஸ்கோப் என்று பெயர். மூன்றிலும் எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது, ஆனால் அது படம் எடுப்பதற்காகச் செய்தது. லூப் போட வழி வேண்டும் என்றால் திரும்பவும் சொண்டுதான்.

சரி, நல்ல நல்ல யோசனை இவ்வளவு இருந்தும் என் கையில் ஏன் இன்னும் இந்த எஃகு? விடை டொக்டரின் அறையில் இல்லை, அதற்குப் பின்னால் கருவி கழுவுகிற அறையில் இருக்கிறது. ஒரு கதை சொல்கிறேன். கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் ஒரு பெட்டி பிளாஸ்டிக் ஸ்பெக்குலம் தந்துவிட்டுப் போனார். கண்ணாடி மாதிரித் தெளிவு, குளிராது, பாரமில்லை. பெண்களுக்கும் பிடித்தது. ஒரு தடவை பாவித்துவிட்டு எறிய வேண்டிய சாமான் அது. எங்கள் பக்கத்தில் புத்தம் புதுச் சாமானை ஒரு தடவையோடு எறிய யாருக்கு மனம் வரும்? சிற்றூழியர் அம்மா ஒருவர் எல்லாவற்றையும் வடிவாகக் கழுவி, எஃகுக் கருவிகளோடு சேர்த்து ஒட்டோகிளேவில் போட்டுவிட்டார். மறுநாள் காலை பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, கருவாடு மாதிரிச் சுருண்டு கிடக்கிறது. அவரில் பிழை சொல்ல மாட்டேன். கருவி என்றால் அவிக்க வேண்டும், முப்பது வருஷமாக அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதானே.

ஒட்டோகிளேவ் என்றால் அழுத்தத்தில் வைத்த நீராவி. 121 பாகையில் கால் மணித்தியாலம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல், அல்லது 134 பாகையில் மூன்று நாலு நிமிஷம். நீங்கள் பல்கலைக்கழகத்தில் முப்பரிமாண அச்சில் எடுக்கப் போகிற பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 பாகையிலேயே தளர்ந்துவிடும். தேத்தண்ணிக் கோப்பைக்குள் போட்டாலே வளையும். தெளிவான பொலிஸ்ரைரீன் 100 பாகைக்கு மேல் தாங்காது. பொலிபுரொப்பிலீன் 121ஐத் தாங்கும். சிலிக்கோன் நன்றாகவே தாங்கும், ஆனால் எஃகின் மேல் போர்த்தினால் விளிம்பில் கிளம்பத் தொடங்கும், கிளம்பின இடத்துக்குள் அழுக்குப் போகும். அச்சில் எடுத்த பொருளில் அடுக்கடுக்காகக் கோடு இருக்குமே, அதற்குள்ளும் அப்படித்தான். மூட்டுகளைக் கூட்டக் கூட்டத் தூரிகை போகாத மூலைகளும் கூடும். ஆகவே நீங்கள் போட்டி போடுவது கஸ்கோவோடு இல்லை, அந்த அவிக்கிற பானையோடு. உங்கள் மாதிரியைக் கழற்றிப் பூட்ட எத்தனை நிமிஷம் ஆகிறது என்று ஒரு சிற்றூழியரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் முகத்தைப் பாருங்கள், அது போதும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். எந்த வேலைக்கான ஸ்பெக்குலம் என்று முடிவு பண்ணுவதில் தொடங்குங்கள். எங்கள் நாட்டில் 1996இல் வெல் வுமன் கிளினிக் வந்தது, சிங்களத்தில் சுவ நாரி என்பார்கள். 35 வயதுப் பெண்களையும் 45 வயதுப் பெண்களையும் முக்கியமாகக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸை நேரடியாகத் தேடுகிற பரிசோதனைக்கு ஸ்பெக்குலமே தேவையில்லை. பெண் தானே ஒரு சின்னத் தூரிகையால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், உலக சுகாதார நிறுவனமும் 2021இல் அதைப் பரிந்துரைத்துவிட்டது. 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இங்கே தடுப்பூசியும் போடுகிறார்கள். ஆகவே முதற்கட்டப் பரிசோதனைக்கான சொண்டைத் திருத்துவதில் உங்கள் வருஷத்தைச் செலவழிக்க வேண்டாம், அந்த வேலை மெல்ல மெல்ல அதன் கையை விட்டுப் போகிறது. லூப் போடுவதும், வைரஸ் இருக்கிறது என்று வந்தவர்களை விவரமாகப் பார்ப்பதும் போகாது. லூப் போடும்போது உள்ளே வேறு கருவி நிற்கும், அதை அசைக்காமல் ஸ்பெக்குலத்தை மட்டும் கழற்ற ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். முழு வட்டமாக வரைந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஒன்று சொன்னால் கோபிக்க வேண்டாம். நோவில் பெரிய பங்கு சொண்டுக்கு வெளியே இருக்கிறது. 2006இல் அமெரிக்காவில் 197 பெண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குக் காலைத் தூக்கி மாட்டுகிற கம்பி, மற்றவர்களுக்குக் கம்பி இல்லை, பாதத்தைக் கட்டில் ஓரத்திலேயே ஊன்றச் சொன்னார்கள். ஸ்பெக்குலம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான். கம்பி இல்லாதவர்களுக்கு உடல் அசௌகரியம் 43 வீதம் குறைவு. எடுத்த மாதிரியின் தரத்தில் வித்தியாசம் இல்லை. புது உலோகம் இல்லை, காப்புரிமை இல்லை, ஒரு கம்பியைக் கழற்றினார்கள், அவ்வளவுதான். அதே மாதிரித்தான் குளிரும். வெளியே கொழும்பு வெக்கையில் வேர்த்து ஊற்றும், ஏசி அறையில் தட்டில் கிடக்கிற எஃகு ஐஸ் மாதிரி இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிஷம் பிடித்தால் சரி. பிறகு திரைச்சீலை, இடுப்புக்குக் கீழ் போர்த்த ஒரு சீத்தைத் துணி, கதவுக்குத் தாழ்ப்பாள். கிளினிக் கதவு பரிசோதனை நடுவில் திறபடுவதை நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் பெண்ணின் தசை முழுக்க இறுகும், பிறகு எந்த நாட்டு ஸ்பெக்குலம் வந்தும் பயனில்லை. கட்டிலையும் துணியையும் கதவையும் சேர்த்து வடிவமைக்கிறேன் என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆட்களில் பரீட்சித்துப் பார்க்க நினைத்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில். கடையில் விற்கிற அளவுக்குப் போனால், மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்துகிற அரச அதிகாரசபையான என்.எம்.ஆர்.ஏ.யில் பதிவு. இரண்டும் நேரம் பிடிக்கும், இறுதியாண்டில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ரப்பர் இடுப்பு மாதிரியுருவில் செய்து காட்டினால் போதும்.

அம்மா விஷயம். தலைப்பைச் சொல்ல வேண்டாம். கஸ்கோ ஒன்றை வாங்கிக்கொண்டுபோய் மேசையில் வையுங்கள். "அம்மா, இதைக் கண்டிருக்கிறீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். உங்களைப் பெற்றவர், பெரும்பாலும் கண்டிருப்பார், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். எங்கே நொந்தது, யார் கத்தினார்கள், எந்தக் கட்டில் என்றெல்லாம் வரும். அரை மணித்தியாலம் குறுக்கே பேசாமல் கேளுங்கள், குறிப்பெடுங்கள். காணவே இல்லை என்று சொன்னால், வயது 35ஐத் தாண்டியவர்தானே, கையோடு உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த கேள்வி மட்டக்களப்பிலிருந்து, லூப் நூல் தட்டுப்படவில்லை என்று. அதற்கு நேரம் வேண்டும், மழையும் தகரத்தில் விழத் தொடங்கிவிட்டது, நான் பேசுவது பதிவாகாது. அடுத்த கிழமை பார்ப்போம்.