749 எடுக்க வேண்டிய இடத்தில் 7,490: ஃபைபர் கம்பெனியோடு ஒரு மாதம்

வணக்கம் மக்களே. தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து பேசுகிறேன். பின்னால் தடதடவென்று கேட்கிற சத்தம் எங்கள் வீட்டுக்கார ஆண்ட்டியின் வாஷிங் மெஷின். சாட்ஸ்வொர்த்தில் அவர் வீட்டுக் கொல்லையில் இருக்கிற அவுட்பில்டிங்கில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தால் இன்றைக்கு வீடியோ எடுத்தபாடில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஏன் வீடியோவே வரவில்லை என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வீட்டில் நெட் இல்லை. ஏன் இல்லாமல் போனது என்பதுதான் இன்றைய கதை.

ஜூலை 25, ஆடி வெள்ளி. இங்கே ஆடி மாதம் வந்தால் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். நாம் கூழ் ஊற்றுகிறோம் இல்லையா, அதேதான். இவர்கள் வாயில் அது 'போரிட்ஜ் பிரேயர்'. 1860-இல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு முதல் கப்பல் வந்ததிலிருந்து இந்த ஊரில் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துவிட்டது, அம்மனும் கூழும் தேயவில்லை. ஆண்ட்டிக்குத் தமிழில் நாற்பது வார்த்தை தெரிந்தால் அதிகம். ஆனால் அன்றைக்கு விடியற்காலை நான்கு மணிக்கே அண்டாவை அடுப்பில் ஏற்றிவிட்டார். கரண்டி சத்தத்தில் எனக்கு முழிப்பு வந்தது. ஃபோனைப் பார்க்கிறேன். பேங்கிலிருந்து மெசேஜ். 7,490 ராண்ட் போயிருக்கிறது.

யாருக்குப் போனது என்று பார்த்தால் உயிரெழுத்தையெல்லாம் பிடுங்கிப் போட்ட மாதிரி ஒரு சுருக்கப் பெயர். இங்கே டெபிட் ஆர்டரில், அதாவது மாதாமாதம் நம் கணக்கிலிருந்து தானாகவே, பணம் எடுக்கிற கம்பெனிகளின் பெயர் ஸ்டேட்மென்டில் இப்படித்தான் குறுகி வரும். கடை வாசலில் எழுதியிருக்கும் பெயர் அதில் இருக்காது. போன மாத ஸ்டேட்மென்டைத் திறந்து பார்த்தேன். அதே சுருக்கம், அதற்கு நேரே 749. அட, வீட்டுக்கு நெட் கொடுக்கிற நம்ம ஃபைபர் கம்பெனி! எங்கோ ஒரு சைபர் கூடுதலாக விழுந்திருக்கிறது. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், கமென்டில் கேட்காதீர்கள்.

சம்பளம் முந்தின நாளே வந்திருந்தது. வழக்கம் போல அன்றிரவே மதுரையில் அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். மிச்சத்தில்தான் வாடகை, பெட்ரோல், மளிகை எல்லாம். இப்போது கணக்கில் நின்றது 212 ராண்ட். இந்த 7,490-க்குப் பின்னாலேயே வந்த கார் இன்சூரன்ஸ் டெபிட் ஆர்டர், பணமில்லை என்று திரும்பிவிட்டது. திரும்பியதற்கு பேங்க் தனியாக அபராதம் போட்டது. இங்கே கரன்டுக்கு முன்கூட்டியே காசு கட்ட வேண்டும், மீட்டரில் அதுவும் தீரப் போகிறது. ஐம்பது ராண்டுக்கு டோக்கன் வாங்கி, அந்த இருபது இலக்க எண்ணை நின்றுகொண்டே மீட்டரில் அடித்தேன். ஒரு கிடங்கில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். என் சொந்தக் கணக்கின் லட்சணம் இது.

எட்டு மணிக்குக் கம்பெனிக்கு ஃபோன். நாற்பது நிமிடம் பாட்டு. அப்புறம் ஒரு பையன் வந்தான், மரியாதையாகத்தான் பேசினான். "சார், எங்கள் ஸ்கிரீனில் 749 என்றுதான் இருக்கிறது" என்றான். உங்கள் ஸ்கிரீனில் இருக்கிறது தம்பி, என் கணக்கில் இல்லையே. பேங்க் ஸ்டேட்மென்டை மெயில் பண்ணச் சொன்னான். பண்ணினேன். மத்தியானம் பதில் வந்தது: தவறு நடந்திருக்கிறது, 6,741 ராண்ட் ஏழிலிருந்து பத்து வேலை நாளில் திரும்பி வரும். எடுக்க ஒரு ராத்திரி, கொடுக்கப் பத்து நாள். அதுவரை வாடகைக்கு என்ன செய்ய?

கஞ்சி ஊற்றி முடிந்து கூட்டம் கலைந்ததும் ஆண்ட்டியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். வாடகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய் கெட்டி அட்டை போட்ட ஒரு கவுன்டர் புக்கை எடுத்துவந்து கையில் கொடுத்தார். "தம்பி, எல்லாம் எழுது. டைம் எழுது, யார் பேசினான் எழுது." அவர் வீட்டுக்காரர் செருப்பு ஃபேக்டரியில் வேலை பார்த்த காலத்திலிருந்து கடைக்காரன் கடன் முதல் ஸ்கூல் ஃபீஸ் வரைக்கும் அந்த வீட்டில் புக்கில்தான். இதோ, இதுதான் அந்த புக். முதல் பக்கத்தில் கஞ்சி சிந்திய கறை இருக்கிறது பாருங்கள். இப்போது பதினோரு பக்கம் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் பேங்க் ஆப்பைத் திறந்தேன். இந்த நாட்டில் இருக்கிற தமிழ் ஆட்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

சாதாரண டெபிட் ஆர்டர் என்றால், நாம் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் கம்பெனியிடம்தான் இருக்கும். கம்பெனி ஒரு தொகையை அனுப்பும், பேங்க் எடுத்துக் கொடுத்துவிடும். உங்களைக் கேட்காது, ஒப்புதலில் என்ன தொகை என்று பார்க்கவும் செய்யாது. டெபிசெக் என்று இன்னொன்று இருக்கிறது. அதில் ஆரம்பத்திலேயே பேங்க் மூலமாக உங்களிடம் சம்மதம் வாங்குவார்கள், எவ்வளவு வரை எடுக்கலாம் என்ற உச்சவரம்பும் அதில் பதிவாகும். என்னுடையது டெபிசெக்காக இருந்திருந்தால் 7,490 உள்ளேயே நுழைந்திருக்காது. நான் போட்டது பழைய வகை. சைன் பண்ணும்போது இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

ஆப்பில் அந்த டெபிட் ஆர்டரைத் தொட்டால் டிஸ்ப்யூட் பண்ணலாம். காரணம் கேட்கும். எனக்கு வந்தவை மூன்று. நான் அனுமதியே கொடுக்கவில்லை என்பது ஒன்று. அனுமதித்ததற்கு மாறாக எடுத்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று. கொடுத்த அனுமதியை ரத்து செய்துவிட்டேன் என்பது கடைசி. கோபத்தில் விரல் முதலாவதுக்குத்தான் போகும். போகக் கூடாது. நான் அனுமதி கொடுத்திருக்கிறேன், 749-க்கு. அனுமதியே இல்லை என்று சொன்னால் அது பொய். நாளைக்குக் கம்பெனி என் கையெழுத்தை எடுத்து நீட்டினால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? இரண்டாவதைத்தான் அழுத்தினேன்.

இன்னொரு சங்கதி. அதிகமாக எடுத்ததை மட்டும் திருப்பு என்று சொல்ல அதில் வழியில்லை. திரும்பினால் 7,490-ம் முழுசாகத் திரும்பும். அப்போது அந்த மாதத்து 749 நீங்கள் கட்டாத பாக்கி ஆகிவிடும். பாக்கி முற்றினால், யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று பதிவு வைக்கிற கிரெடிட் பீரோவில் பெயர் ஏறும். வீட்டுக் கடன் வாங்கப் போகும்போதுதான் அது பல்லைக் காட்டும். அதனால் பணம் திரும்பிய ஐந்தாவது நிமிடமே, கஸ்டமர் நம்பரை ரெஃபரன்ஸாகப் போட்டு 749-ஐ நானே இஎஃப்டி, அதாவது ஆன்லைன் டிரான்ஸ்ஃபர், அனுப்பினேன். ரசீதோடு கம்பெனிக்கு மெயிலும் போட்டேன்: பேங்க் மூலம் திருப்பிவிட்டேன், என் பாக்கியைக் கட்டிவிட்டேன், உங்கள் ரீஃபண்டை நிறுத்துங்கள்.

பேங்க் அன்றைக்கே திருப்பியது, ஏனென்றால் சூட்டோடு சூடாகக் கேட்டேன். பல வாரம் விட்டுக் கேட்டால் பேங்க் கம்பெனியிடம் ஒப்புதல் ஆதாரம் கேட்டு, பதில் பார்த்துத்தான் முடிவு செய்யும். மெசேஜே வராத சின்னத் தொகைகள் அப்படித்தான் மாதக்கணக்காக ஓடும். 99 ராண்ட் மோசடி என்று இங்கே கேட்டிருப்பீர்கள். நூறுக்குக் கீழே போனால் நிறையப் பேருக்கு மெசேஜ் வராது, அதை வைத்தே பிழைத்தார்கள். என் ஃபோனில் ஒரு ராண்ட் போனாலும் மணியடிக்கிற மாதிரி மாற்றி வைத்திருக்கிறேன்.

என் பேங்க் தகராறு பண்ணவில்லை. பண்ணினால் முதலில் பேங்கிலேயே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதிலும் சரியாகாவிட்டால் இப்படிப்பட்ட புகாரை விசாரிக்கிற நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்புட் ஸ்கீம், செலவில்லை. நெட்டில் பழைய பேங்கிங் ஆம்புட்ஸ்மன் பெயர்தான் நிறைய வரும். 2024 மார்ச் 1 முதல் அதுவும் இன்னும் மூன்றும் சேர்ந்து இந்த ஒரே அமைப்பாகிவிட்டது.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். திங்கட்கிழமை நெட் கட். அவர்கள் சிஸ்டத்தைப் பொறுத்தவரை டெபிட் ஆர்டர் திரும்பிவிட்டது, எனவே நான் பணம் கட்டாதவன். நான் அனுப்பிய 749 எங்கோ வேறொரு பெட்டியில் கிடக்கிறது. ஃபோன் பண்ணினால் ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து. அப்போதுதான் ஆண்ட்டியின் புக் கை கொடுத்தது. இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன ரெஃபரன்ஸ் நம்பர் என்று வாசிக்க வாசிக்க எதிர்முனையில் குரலின் தினுசே மாறும். கடைசியாக ஒரே மெயிலில் எல்லாத் தேதியையும் வரிசையாகப் போட்டேன். 14 வேலை நாளுக்குள் சரி செய்யாவிட்டால் தொலைத்தொடர்பு ஆணையமான ஐகாசாவுக்குப் போவேன் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அது மிரட்டல் கிடையாது, புகாரைத் தீர்க்க அவர்களுக்கு இருக்கிற கெடுவே அவ்வளவுதான். மறுநாள் ஆகஸ்ட் 6, நெட் வந்தது.

அடுத்த நாள், ஆகஸ்ட் 7, இன்னொரு மெசேஜ். கணக்கில் 6,741 ராண்ட் வரவு.

நிறுத்தச் சொன்ன ரீஃபண்ட்! பேங்கும் திருப்பிவிட்டது, கம்பெனியும் திருப்பிவிட்டது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வேலையிடத்தில் ஒரு நண்பன், "பேசாமல் வைத்துக்கொள், அவனாகக் கேட்கட்டும்" என்றான். அவன் கேட்கத்தான் செய்வான், அதுவும் நான் செலவழித்து முடித்த மாதம் பார்த்துக் கேட்பான். இன்சூரன்ஸ் திரும்பியதற்கு பேங்க் போட்ட அபராதத்தையாவது அதில் கழித்துக்கொள் என்று இன்னொரு யோசனை. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் 6,741 வந்தது, 6,741 போனது என்று இருந்தால்தான் கணக்கு வாய் பேசும். நடுவில் நான் ஒன்றைக் கழித்தால் அப்புறம் அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். அபராதத்துக்குத் தனி மெயில் போட்டிருக்கிறேன், பதில் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஃபோன் பண்ணினேன் பாருங்கள், அது எடுத்ததைக் கேட்டதைவிடக் கஷ்டம். அந்தப் பெண்ணுக்குப் புரியவே இல்லை. "உங்களுக்கு ரீஃபண்ட் வரவில்லையா சார்?" வந்துவிட்டது அம்மா, இரண்டு தடவை. "சரி சார், உங்கள் அக்கவுன்டில் 6,741 கிரெடிட் போட்டுவிடுகிறேன்." ஐயோ, மூன்றாவது தடவையா! மூன்று கால் பேசி, கடைசியில் ஒருவர் இஎஃப்டி பண்ணச் சொன்னார். ஆகஸ்ட் 14 அனுப்பிவிட்டேன். ரசீது பிரின்ட் எடுத்து புக்கில் ஒட்டியிருக்கிறேன், இதோ.

இன்று காலை செப்டம்பர் பில் வந்தது. கட்ட வேண்டிய தொகைக்கு முன்னால் ஒரு மைனஸ். மைனஸ் 6,741. அதாவது நான் ஒன்பது மாதம் முன்பணம் கட்டிய நல்ல கஸ்டமர். இது உங்கள் பணம், என்னுடையது இல்லை என்று ஐந்தாவது மெயில் இப்போதுதான் போட்டுவிட்டு வருகிறேன். 25-ஆம் தேதிக்கு இன்னும் நான்கு நாள். இந்தத் தடவை வாடகையை ஆண்ட்டியிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன்.

மெஷின் நின்றுவிட்டது, கேட்டீர்களா? சரியாக நான் முடிக்கும்போது.