காற்றைக் கேட்டு வீடு பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மே, ஜூன் மாதங்களில் சென்னையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு கேள்வியைக் கேட்டிருப்பீர்கள்: "கடல்காற்று வந்துடுச்சா?" காலை பத்து மணிக்கே மேற்கிலிருந்து அனல் அடிக்கும். பதினொன்று, பன்னிரண்டு என்று நேரம் போகும். திடீரென்று ஜன்னல் திரை உள்பக்கமாக அசையும். வியர்வை ஆறும். திருவான்மியூரில் இருப்பவருக்கு அது முதலில் கிடைக்கும், அம்பத்தூரில் இருப்பவர் இன்னும் காத்திருக்க வேண்டும்.

நான் இன்றைக்குப் பேச வந்த விஷயம், அலைச்சறுக்கு செய்கிற ஒருவர் சென்னையில் எங்கே வீடு பார்க்கலாம் என்பது. சர்ஃபிங் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும், அப்படியே சொல்கிறேன். இந்தப் பேச்சு முழுக்க அந்தக் கடல்காற்றைச் சுற்றித்தான். ஏனென்றால் ஊருக்கெல்லாம் ஆறுதலாக வருகிற அந்தக் காற்று வந்தவுடன் எங்களுக்கு அலை முடிந்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். அலை கரையை நோக்கி வருகிறது. அதன் முகத்துக்கு எதிராக, தரையிலிருந்து கடலைப் பார்த்து மெல்லிய காற்று வீசினால், சாயப்போகும் ஓலைத் தட்டியை ஒருவர் கைகொடுத்துத் தாங்குவது போல, அந்தக் காற்று அலையைத் தாங்கிப் பிடிக்கும். அலை சரிவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும், முகம் வழவழப்பாக இருக்கும், பலகையில் எழுந்து நிற்க அவகாசம் கிடைக்கும். காற்று கடலிலிருந்து வந்தால் அலையின் முதுகைப் பிடித்துத் தள்ளும். நுரைத்து, உடைந்து, எல்லாப் பக்கமும் கலைந்து போகும். அன்றைக்கு அலை உயரமாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

அதனால்தான் வீடு பார்க்கிற ஒவ்வொருவரிடமும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கடல் தெரிகிற வீட்டைத் தேடாதீர்கள். சூரியன் எழுவதற்கு முன் வண்டியை எடுத்து, பத்து மணிக்குள் இரண்டு மணி நேரம் தண்ணீரில் இருந்துவிட்டு, வேலைக்கும் போய்ச் சேர முடிகிற வீட்டைத் தேடுங்கள். ஜூன் மாதத்தில் இங்கே ஐந்தே முக்காலுக்கெல்லாம் விடிந்துவிடும். அங்கிருந்து கடல்காற்று திரும்பும்வரை உள்ள அந்தச் சில மணி நேரம்தான் நம்முடைய சொத்து.

சரி, அலை எங்கிருந்து வருகிறது? நம் அலையில் நல்லது பெரும்பாலும் இங்கே பிறந்தது இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கிற புயல்காற்றில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்து சேர்கிறது. நமக்குத் தெற்கே இலங்கை நிற்பதால் நேர் தெற்கிலிருந்து வருவது தடைபடும், அதன் கிழக்கே சுற்றி வருகிற பங்குதான் நமக்கு. இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்பே என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே உலகம் முழுவதிலுமிருந்து சர்ஃப் செய்ய வருகிறார்கள். அந்த அலையின் உறவுதான் நம் ஊருக்கும் வருகிறது. ஏப்ரல் வாக்கில் தொடங்கி செப்டம்பர் வரை நல்ல பருவம். அக்டோபர் வந்தால் வாடைக்காற்று. கடல் பெரிதாக இருக்கும், காற்று கரையை நோக்கியே அடிக்கும், நீரோட்டம் தெற்கே இழுக்கும். படகுக்காரர்களே யோசிக்கிற நாட்கள் அவை.

இப்போது ஊரை வடக்கிலிருந்து பார்த்துக்கொண்டு வருவோம்.

வடசென்னையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்கும்போது மனது கஷ்டமாக இருக்கிறது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலோடு பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் அங்கே பல இடங்களில் மணல் கரையே இல்லை, கருங்கல் தடுப்புதான் இருக்கிறது. இதற்குக் காரணம் இருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி நம் கடற்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தடைபட்டுச் சேர்ந்து சேர்ந்து இன்றைய அகலமான மெரினா ஆயிற்று. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை, கடல் கரையை அரித்தது, அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். கல்லில் உடைகிற அலையில் யாரும் பலகையோடு இறங்கக் கூடாது. எண்ணூர் பக்கம் 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பரில் மழை வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்றே நினைக்கிறேன்.

துறைமுகம் வருவதற்கு முன் இந்த ஊரில் கப்பல் நிற்க இடமே கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகில் நம் கரையோர மக்கள்தான் அலையைக் கடந்து போய் ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். எந்த அலையை விடுவது, எந்த அலையில் ஏறுவது என்ற கணக்கு இந்த ஊருக்குப் புதிது இல்லை.

மெரினா வேண்டாம். கரை சட்டென்று ஆழமாகும், இழுப்பு அதிகம், உயிரிழப்புகள் எல்லோருக்கும் தெரியும். பெசன்ட் நகரில் இருக்கிற ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் கீழே நின்று எத்தனையோ பேர் படம் எடுத்துக்கொள்கிறீர்கள். 1930-இல் பிறரைக் காப்பாற்றப் போய் மூழ்கிய டென்மார்க் நாட்டவருக்காக எழுப்பியது அது. அந்தக் கடலும் லேசுப்பட்டது இல்லை.

அடையாறு முகத்துவாரத்தையும் கணக்கில் வையுங்கள். கோடையில் நீரோட்டம் வடக்கே போகும், ஆற்றின் அழுக்கு பட்டினப்பாக்கம் பக்கம் போகும். வாடைக்காலத்தில் தெற்கே திரும்பும், அப்போது பெசன்ட் நகர் பக்கம் வரும். மழை பெய்து ஆறு ஓடினால் சில நாட்கள் பொறுத்துத்தான் இறங்க வேண்டும். காதும் வயிறும் கெட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால் மணல் திட்டில் உடைகிற அலை கிடைக்கும். மணல் திட்டு இடம் மாறினால் அலையும் மாறும். நல்ல நாளில் நன்றாக இருக்கும். ஆனால் நம்பிக்கையான அலை வேண்டுமென்றால் திருவான்மியூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே கோவளம், அதைத் தாண்டி இன்னும் 20 கிலோமீட்டர் போல மாமல்லபுரம். இரண்டு இடத்திலும் கரை முனையாக நீட்டி நிற்கிறது. தெற்கிலிருந்து வருகிற அலை முனையைச் சுற்றி வளைந்து, ஒழுங்காக ஒரு பக்கமாகவே உடைந்துகொண்டு போகும். கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தானாகக் கற்றுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். 2013-இல் அங்கே சர்ஃபிங் விழா தொடங்கியது. மாமல்லபுரத்தில் 2023-இல் சர்வதேசப் போட்டி நடந்தது, 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே நடந்து, நம் நாட்டு வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார்.

இங்கே ஒரு காலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவளத்தில் ஒரு ஜூன் மாதம். நகரத்துக்குள்ளிருந்து வந்த நண்பர்கள் சிலர் செல்போனில் காற்றுக் கணிப்பைப் பார்த்துவிட்டு, "பதினொரு மணிக்குக் காற்று திரும்பிவிடும், டிராஃபிக்கில் மாட்டுவதற்கு முன் இப்போதே கிளம்பலாம்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். படகு நிழலில் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "தம்பி, மேலண்டக் காத்து இன்னும் அழுத்தமா நிக்குது. மதியச் சோறு சாப்ட்டு வந்தும் எறங்கலாம்" என்றார். மேற்கே தரையிலிருந்து வருகிற காற்றைத்தான் அப்படிச் சொன்னார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கடலைக் காட்டவில்லை, தனக்குப் பின்னால் மேற்கே வானத்தைக் காட்டினார். அந்தப் பக்கம் இருந்த தூசி மங்கல், அதிகாலையிலேயே இருந்த சூடு, பனைமட்டை அடித்துக்கொண்ட சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தரைக்காற்று இவ்வளவு பலமாக இருந்தால் கடல்காற்று உள்ளே நுழையத் தாமதமாகும். நகரத்தில் இருக்கிற உங்களுக்கும் இது தெரியும். சில ஜூன் நாட்களில் இரண்டு மணி, மூன்று மணி வரை ஆறுதலே வராமல் வேகும், இல்லையா? அதே நாள்தான். நண்பர்கள் கிளம்பிவிட்டார்கள். தூரம் அவர்களை அப்படி யோசிக்க வைத்தது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் வீடு இருந்த நாங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. இடுப்பளவு, சில சமயம் மார்பளவு, முனையிலிருந்து நீளமாக ஓடுகிற அலை. இரண்டரை மணிக்குத்தான் காற்று திரும்பியது. பெரியவர் அதற்குள் வலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்தில் இருப்பவருக்குத்தான் இப்படிப்பட்ட நாள் கிடைக்கும். மறுபடியும் அதையே சொல்கிறேன், தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், காலை நேரத்தில் அளந்து பாருங்கள்.

ஐ.டி. வேலை பார்ப்பவர்கள் பழைய மகாபலிபுரம் சாலையில் வீடு பார்ப்பார்கள். வரைபடத்தில் கடல் ஒட்டியே இருப்பது போலத் தெரியும். நடுவில் பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. அதைத் தாண்டுகிற சாலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சோழிங்கநல்லூரிலிருந்து அக்கரைக்கு ஒன்று, கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்கு ஒன்று. என் தேர்வைக் கேட்டால் கேளம்பாக்கம்தான். கடல் தெரியாது, வாடகை கடற்கரைச் சாலையை விடக் குறைவு, அதிகாலையில் கால் மணி நேரத்தில் கோவளம் போய்விடலாம், திரும்பி வந்தால் அலுவலகம் அதே சாலையில். நகரத்துக்குள் வேலை என்றால் திருவான்மியூர் அல்லது நீலாங்கரை. வார நாளில் வீட்டுப் பக்கத்து அலை, சனி ஞாயிறில் கோவளம். காரில் போகிறவர்கள் உத்தண்டி சுங்கச்சாவடியையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வீட்டுக்குள் என்ன பார்க்க வேண்டும் என்பதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதடிப் பலகை பல லிஃப்டுகளில் நுழையாது, மாடிப்படி திரும்பும் இடத்தில் இடிக்கும், அதனால் தரைத்தளம் நல்லது. வெளியே ஒரு குழாய் அவசியம், அந்தத் தண்ணீர் உப்பா என்று வாயில் விட்டுப் பாருங்கள். கடற்கரைச் சாலையில் பல வீடுகளுக்கு டேங்கர் தண்ணீர்தான். கடலுக்கு மிக அருகே என்றால் வாசல் இரும்புக் கதவும் ஏ.சி.யும் வண்டிச் செயினும் துருப்பிடிக்கும்.

குப்பத்துக்குள்ளேயே வாடகைக்குப் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் அதிக வாடகை கொடுக்க ஆரம்பித்தால் அங்கேயே பிறந்த குடும்பம் தெருவை விட்டுப் போக வேண்டி வரும். கோவளத்தில் அது நடப்பதைப் பார்க்கிறேன். அதனால்தான் கேளம்பாக்கம் என்கிறேன். காலையில் படகு கரையேறும் வழியில் வண்டியை நிறுத்தாதீர்கள், வலை இழுக்கும்போது தள்ளி நில்லுங்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்த வீட்டு வாசலிலிருந்து ஒரு வேலை நாளில் ஐந்து மணிக்குக் கிளம்பி, கடலில் இறங்கி, அலுவலகம் வரை போய்ப் பாருங்கள். இழுப்பில் மாட்டினால் என்ன செய்வது என்பதற்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. வாய்ப்பு கொடுத்தால் அதற்கென்றே தனியாக வந்து பேசுகிறேன். வணக்கம்.