ஊசிக்குத் துருவம் தெரியுமா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திசைகாட்டியின் ஊசி வடக்கைக் காட்டும் என்று பள்ளியில் படித்தோம். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் அதைத் திருத்துவார்கள்: அது காட்டுவது புவியியல் வடதுருவத்தை அல்ல, அதிலிருந்து விலகியிருக்கும் காந்த வடதுருவத்தை என்பார்கள். இந்தத் திருத்தத்துக்கும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அதற்காகவே இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஊசிக்குத் துருவம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. நீங்கள் நிற்கும் இடத்தில் புவியின் காந்தப்புலம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கம் அது திரும்பி நிற்கிறது. அதன் வேலை அவ்வளவுதான். அந்தப் புலக்கோடுகள் நேராகத் துருவத்தை நோக்கிச் செல்வதில்லை. வளைந்தும் நெளிந்தும் செல்கின்றன. உலகின் பல ஊர்களில் திசைகாட்டிகளை வைத்து, ஊசி காட்டும் பக்கமாகவே ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கோட்டை நேராக நீட்டினால், அந்தக் கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து சேர மாட்டா.

ஏன் இந்த நெளிவு? புவிக்குள் ஒரு சட்டக் காந்தம் புதைந்திருப்பதாகப் பாடநூல் படங்கள் காட்டும். தொடக்கநிலை மாணவருக்கு அந்தப் படம் உதவும். ஆனால் அங்கே அப்படி எதுவும் இல்லை. 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால் இரும்பு தன் நிலைக்காந்தத் தன்மையை இழந்துவிடும். புவியின் உட்கருவோ பல்லாயிரம் டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் வெளிக்கரு, உருகிய இரும்பும் நிக்கலும் கலந்த ஒரு கடல். வெப்பத்தால் அந்த உலோகம் மேலெழுந்து கீழிறங்குகிறது. புவியின் சுழற்சி அந்த ஓட்டத்தை முறுக்குகிறது. ஓடும் உலோகத்தில் மின்னோட்டம் உண்டாகிறது, அந்த மின்னோட்டத்திலிருந்து காந்தப்புலம் பிறக்கிறது. ஓட்டம் எங்கும் ஒரே சீராக இல்லை. ஆகவே புலமும் சீராக இல்லை, நிலையாகவும் இல்லை.

இந்த நிலையின்மையை மனிதர்கள் கண்டுபிடித்த கதைக்கு லண்டன் நகரம் நல்ல சாட்சி. உண்மையான வடக்குக்கும் ஊசி காட்டும் வடக்குக்கும் இடையிலுள்ள கோணத்தைக் காந்த ஒதுக்கம் என்கிறோம். 1580-இல் லண்டனில் அளந்தபோது ஊசி சுமார் 11 டிகிரி கிழக்கே ஒதுங்கியிருந்தது. 1634-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹென்றி கெல்லிபிராண்ட் அளந்தபோது அது 4 டிகிரியாகக் குறைந்திருந்தது. ஓர் இடத்தின் ஒதுக்கம் காலப்போக்கில் மாறும் என்று அவர் மறு ஆண்டே அச்சிட்டு வெளியிட்டார். 1660 வாக்கில் ஒதுக்கம் பூஜ்யமாயிற்று. அதன் பிறகு ஊசி மேற்கே சாய்ந்து, 1820 வாக்கில் 24 டிகிரி வரை சென்று, மீண்டும் திரும்பத் தொடங்கியது. 2019 செப்டம்பரில் லண்டனின் கிரீனிச் பகுதியில் உண்மை வடக்கும் காந்த வடக்கும் ஒன்றாக நின்றன. அங்கே அப்படி நடந்து சுமார் 360 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊர் அசையவில்லை, ஊசியிலும் பழுதில்லை. கால் வைக்க முடியாத ஆழத்தில் ஓடும் இரும்பு தன் போக்கை மாற்றிக்கொண்டதை, மேலே நின்றவர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அறிவியல் வரலாற்றில் என்னை இந்த அளவுக்கு நெகிழவைக்கும் அளவீடுகள் வேறில்லை.

ஊசி பக்கவாட்டில் மட்டும் திரும்புவதில்லை, கீழ்நோக்கியும் சாயும். லண்டனில் திசைகாட்டி செய்துவந்த ராபர்ட் நார்மன், சமநிலையாக அமைத்த ஊசியைக் காந்தமாக்கியதும் அதன் வடமுனை தாழ்ந்துவிடுவதைக் கவனித்து, 1581-இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இதுதான் காந்தச் சரிவு. காந்த நிலநடுக்கோட்டில் சரிவு பூஜ்யம். வடக்கே போகப் போக வடமுனை தாழும்; தெற்கே போகப் போகத் தென்முனை தாழும். அதனால்தான் ஒரு பகுதிக்கென்று எடை சரிசெய்யப்பட்ட திசைகாட்டியை வெகு தொலைவிலுள்ள இன்னொரு பகுதிக்குக் கொண்டுபோனால், ஊசி அடித்தட்டில் உரசி நின்றுவிடக்கூடும்.

இந்தச் சரிவுதான் காந்தத் துருவத்துக்கு இலக்கணம். தடையின்றித் தொங்கும் ஊசி எங்கே செங்குத்தாக நிற்கிறதோ, அதுவே காந்தத் துருவம். 1831 ஜூன் 1 அன்று கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அந்த இடத்தை அடைந்தார். சாதாரணத் திசைகாட்டி அங்கே எதற்கும் உதவாது. ஊசியைக் கிடைமட்டமாகத் திருப்பும் விசையே அங்கு இல்லை. திசைகாட்டி எதைக் காட்டுவதாக நாம் நம்புகிறோமோ, அந்த இடத்தில்தான் அது திசையறியாமல் தடுமாறுகிறது.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்வே நாட்டுத் துருவப் பயணி ரோல்ட் அமுண்ட்சென் அங்கே சென்று அளந்தபோது, துருவம் பழைய இடத்தில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது ஆண்டுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் நகர்ந்தது. 1990-களில் வேகமெடுத்து, ஆண்டுக்கு 50 கிலோமீட்டரையும் தாண்டியது. கனடாவை விட்டு விலகி இப்போது சைபீரியாவை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. அண்மை ஆண்டுகளில் வேகம் தணிந்திருக்கிறது. எந்த இடத்தில் காந்தப்புலம் எப்படி இருக்கும் என்று சொல்லும் உலகக் காந்த மாதிரி என்ற கணக்கீட்டை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். ஆர்க்டிக் பகுதியில் பிழை அதிகமாகிவிட்டதால், 2019-இன் தொடக்கத்தில் கெடு வருமுன்பே அதைத் திருத்த வேண்டியதாயிற்று. உங்கள் கைப்பேசியின் திசைகாட்டி உண்மை வடக்கைக் காட்டுவதற்கும் இத்தகைய மாதிரிதான் உதவுகிறது. விமான ஓடுபாதைகளின் எண்கள்கூடக் காந்தத் திசையைக் கொண்டே இடப்படுகின்றன. லண்டனுக்கு அருகிலுள்ள ஸ்டான்ஸ்டெட் விமான நிலையம் 2009-இல் தன் ஓடுபாதையின் எண்களை இந்தக் காரணத்தால் மாற்றிக்கொண்டது.

தெற்கிலும் ஒரு காந்தத் துருவம் உண்டு. அது அண்டார்டிகாவின் கரைக்கு அப்பால் கடலில் இருக்கிறது. வடக்கிலுள்ளதற்கு நேர் எதிர்ப்புறத்தில் அமையவில்லை. இரண்டும் தனித்தனிப் போக்கில் நகர்கின்றன.

மலையேறுவோரும் காட்டில் நடப்போரும் இதை எப்படிப் பயன்படுத்துவது? நல்ல நில வரைபடத்தின் ஓரத்தில் காந்த ஒதுக்கம், அது அளக்கப்பட்ட ஆண்டு, ஆண்டுதோறும் அது மாறும் அளவு ஆகிய மூன்றும் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் ஆண்டைப் பாருங்கள். அன்றிலிருந்து கடந்த ஆண்டுகளை ஆண்டு மாற்றத்தால் பெருக்கி, அச்சிட்ட ஒதுக்கத்தைத் திருத்துங்கள். ஒதுக்கம் கிழக்கே என்றால், திசைகாட்டியில் படித்த கோணத்தோடு அதைக் கூட்டுங்கள். மேற்கே என்றால் கழியுங்கள். கிடைப்பது உண்மை வடக்கிலிருந்து அளந்த திசை. வரைபடம் பல பத்தாண்டுகள் பழையது என்றால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். ஆண்டு மாற்றம் என்ற எண்ணும் அதற்குள் மாறியிருக்கும். புதிய ஒதுக்கத்தைத் தேடி எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.

நன்றி, வணக்கம்.